புஸ்ஸுன்னு விடாத மனுசன்

சார்ஜாவிலேர்ந்து வர்ற ஆம்பளைங்க என்னென்ன கொண்டு வருவாங்கன்னு எங்க தெருவுல சின்னப்புள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கோடாலித் தைலம், சென்ட் பாட்டில், டேப் ரிக்கார்டர், பால்பவுடர் டப்பா, ரெண்டு பேர் சேர்ந்து தூக்கற கம்பளம். பெட்டியைத் தொறந்தா ஒரு வாசனை வரும் பாருங்க, அது ஒரு வாரத்துக்கு வீட்டை விட்டுப் போகாது. அந்த வாசனைக்காகவே அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க சீனி கடன் கேக்குற மாதிரி உள்ள வந்து உக்காருவாங்க. இப்ப எல்லாம் கடைத்தெருவுலயே கெடைக்குது, யாருக்கும் எதுவும் பெருசாத் தெரியறதில்லை. அப்ப அந்தப் பெட்டி தொறக்கறதே ஒரு பெருநாள்.

எங்க வீட்டுக்காரர் ஹபீப் முகம்மது, இனிமே வெளிநாட்டு சபரே வேண்டாம், ஊரோட வந்துட்டேன்னு சொல்லிக்கிட்டு வந்து இறங்கினப்ப, வேன்லேர்ந்து நாலு பேர் சேர்ந்து ஒரு இரும்புப் பெட்டியை இறக்கினாங்க. கீழ சக்கரம், மேல ரெண்டு மீட்டர், பக்கத்துல செவப்பும் நீலமுமா ரப்பர் குழாய். தெருவே வாசல்ல நின்னு வேடிக்கை பாத்துச்சு. எனக்கு மானம் போச்சு.

"என்ன மச்சான் இது?"ன்னு கேட்டேன். எங்க ஜனங்க வீட்டுக்காரரை மச்சான்னுதான் கூப்பிடுவோம்.

"கார் ஏசிக்குள்ள ஒரு கேஸ் ஓடுது நூரு. ஏசியை ரிப்பேர் பண்றதுன்னா அந்த கேஸை முதல்ல எடுத்தாகணும். எல்லாரும் காத்துல தொறந்து விட்டுடுவாங்க. இந்த மிஷின் அதை வெளிய விடாம இழுத்து, சுத்தம் பண்ணி வெச்சுக்கும். வேலை முடிஞ்சதும் அதையே திருப்பி ஏத்திடலாம்."

சொல்றப்ப மொகத்துல அப்படி ஒரு பூரிப்பு. அவருக்கு மூத்த புள்ளை பொறந்தாப்புல. "வேற ஒண்ணும் கொண்டாரலையா?"ன்னேன். சிரிச்சார். எனக்கு எரிஞ்சுது.

ஆனா ஒண்ணு. எரிச்சலையெல்லாம் தாண்டி, இந்த மனுசன் இனிமே போகமாட்டார்ங்கற நெனப்பு எனக்குள்ள இனிச்சுக்கிட்டே இருந்துச்சு. நன்னிலத்துப் பக்கத்துலேர்ந்து என்னைக் கட்டிக்கிட்டு கும்பகோணத்துக்குக் கூட்டியாந்தவர், கல்யாணமான கையோட சார்ஜா போயிட்டார். லீவுல வருவார், மழை மாதிரி கொஞ்ச நாள் வீடு குளிரும், போயிடுவார். அத்தனை வருசத்துல நாங்க சேர்ந்து இருந்ததைக் கூட்டிப் பாத்தா ஒரு குறுவை சாகுபடி காலம்தான் தேறும். எங்க மக ஹுமைராவுக்கு அத்தாங்கறது, அதாவது அப்பாங்கறது, டேப் ரிக்கார்டர்லேர்ந்து வர்ற ஒரு குரல். அப்ப எல்லாம் கடுதாசிக்குப் பதிலா கேசட்டுல பேசி அனுப்புவாங்க. நேர்ல பாத்தப்ப அந்தப் புள்ளை அவர்கிட்ட கேட்ட முதல் கேள்வி, "நீங்க எப்பப் போவீங்க?" அதுல வருத்தமெல்லாம் ஒண்ணும் கெடையாது. வந்த அத்தா போவாங்கன்னு அதுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அதனால எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்த இரும்புப் பெட்டி எக்கேடோ கெடட்டும், அதை வெச்சு ஒரு கடை ஓடணும். கடை ஓடினா இவர் இங்க. ஓடலைன்னா மறுபடி சார்ஜா.

பாபநாசம் போற ரோட்டுல ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் புடிச்சார். கும்பகோணத்துல கார் பெருக ஆரம்பிச்ச காலம் அது. அதுவரைக்கும் அம்பாசிடர்ல சன்னலை எறக்கிவிட்டுக்கிட்டு, பட்டுப்புடவையெல்லாம் புழுதியாகி முகூர்த்தத்துக்குப் போய் நின்னவங்க, கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு ஜம்முன்னு போனாங்க. பையன் அமெரிக்கா போயிட்டான், மருமகன் துபாய்ல இருக்கார்னா, அந்த வீட்டு வாசல்ல ஒரு மாருதி நிக்கும். ஏசி கார்னு சொல்லிக்கறதுலயே பாதி குளிர்ச்சி. ரோடுதான் குண்டும் குழியுமா கெடக்குமே, குலுங்கிக் குலுங்கி ஏசி குழாய்ல எங்கயாவது விரிசல் விட்டுடும். வேலைக்குப் பஞ்சமே இருக்காதுன்னு இவர் கணக்குப் போட்டார்.

கணக்கு சரிதான். ஜனங்களைத்தான் கணக்குல சேக்கலை.

எங்க ஊர்க்காரங்களுக்கு எதையும் கண்ணு முன்னால செய்யணும். காப்பிக்கொட்டையைக் கண்ணு முன்னால வறுத்து அரைக்கணும். பாலைக் கண்ணு முன்னால கறக்கணும், கறக்கறதுக்கு முன்னாடி பாத்திரத்தைக் கவுத்துக் காட்டணும். வெத்தலைக் கவுளியைப் பிரிச்சு உள் அடுக்கைக் காட்டணும். அப்படிப்பட்டவங்ககிட்ட போய், கண்ணுக்கே தெரியாத ஒரு கேஸை, சத்தமே இல்லாம எடுத்து, சத்தமே இல்லாம உள்ள வெச்சா நம்புவாங்களா?

எதுத்தாப்புல ரெத்தினம்னு ஒருத்தர் பட்டறை வெச்சிருந்தார். பழைய பஸ் பட்டறை, தரையில நீளமா பள்ளம் வெட்டி, அதுக்கு மேல வண்டியை நிறுத்திட்டு ஆள் கீழ இறங்கி வேலை பாக்குற இடம். இவர் கடை தொறந்ததைப் பாத்துட்டு அவரும் ஏசி வேலை பாக்க ஆரம்பிச்சார். ரெத்தினத்துக்கு மிஷினும் கெடையாது ஒண்ணும் கெடையாது. மூடியைத் தொறந்து ஒரு ஊசியை அமுக்குவார். புஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம், வெள்ளையா ஒரு புகை. "பாத்துக்குங்க சார், பழசு பூரா போச்சு. இப்பப் புதுசு ஏத்தறேன்." காருக்குச் சொந்தக்காரருக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மொகம் மலர்ந்துடும். குடுத்த காசு காதுல விழுந்துடுச்சே.

எங்க கடைக்கு முதல்ல வந்தவங்கள்ல ஒருத்தர் வெங்கடசுப்ரமணியன் சார். பாங்க்குல இருந்து ரிடையர் ஆனவர், பையன் வசிஷ்ட் அமெரிக்காவுல. நான் அன்னைக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். அவர் மிஷினைச் சுத்திச் சுத்திப் பாத்தார். கேஸோட வந்த அழுக்கு எண்ணெய் பிரிஞ்சு சொட்டறதைக் கண்ணாடி வழியாப் பாத்தார். தராசு மேல சிலிண்டர் எடை ஏறறதைப் பாத்தார். கடைசியில கேட்டார், "ஏன் பாய், என் வண்டியில இருந்ததையே திருப்பி என் வண்டியிலேயே ஏத்தறேளே. எச்சில் மாதிரின்னா இருக்கு?"

இவர் கோபப்படலை. "சார், உங்க வயலுக்கு வர்ற தண்ணி நாலு பேர் வயல் தாண்டித்தானே வருது? பயிர் வேண்டாம்னா சொல்லுது? இது வடிகட்டி, ஈரம் எடுத்து, புதுசு மாதிரி வருது சார்"னார்.

சார் பெருசா சிரிச்சார். "நன்னாப் பேசறேள்"னார். அடுத்த தடவை நேரா ரெத்தினத்துக்கிட்ட போயிட்டார்.

நானும் சும்மா இருக்கலை. மிஷின் பிரிச்செடுக்கற அழுக்கு எண்ணெயை ஒரு கண்ணாடி பாட்டில்ல புடிச்சு கடை வாசல்ல வைங்க, ஜனங்க பாக்கட்டும்னு யோசனை சொன்னேன். வெச்சார். கறுப்பா, பாக்கவே குமட்டும். வந்தவங்க பாத்துட்டு, "இது எவன் வண்டியிலேர்ந்து எடுத்ததோ"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. இப்படிப்பட்ட ஊர்ல என்னத்தப் பண்றது?

ஒருநாள் சாப்பிட உக்காந்தப்ப கேட்டுட்டேன். "அந்த புஸ்ஸை நீங்களும் விட்டாத்தான் என்ன மச்சான்? ஒரு தடவை விடுங்க, சந்தோசமாப் போவான். உங்களுக்கு என்ன கொறஞ்சு போகுது?"

கையில எடுத்த சோத்தை அப்படியே தட்டுல வெச்சுட்டார்.

"காத்துக்குக் கெடுதல்னு அங்க சொல்லிக் குடுத்தாங்க. வானத்துல ஏதோ படலம் இருக்காம், அதை இது அரிக்குதாம். அதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம், விடு. எனக்குத் தெரிஞ்சது வேற"ன்னார். "இந்த கேஸு காத்தை விட கனம். விட்டா மேல போகாது, தாழ்வான எடத்துல போய் தேங்கும். தேங்கின எடத்துல மூச்சுக் காத்து இருக்காது. வாசனையும் கெடையாது, ஒண்ணு நடக்குதுன்னே தெரியாது. சார்ஜாவுல ஒரு பஸ்ஸுக்கு அடியில பள்ளத்துல நான் இருந்தேன். மேல ஒருத்தன் தொறந்து விட்டுட்டான். எனக்குத் தூக்கம் வர்ற மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான் ஞாபகம். ஒரு மலையாளத்துக்காரன் இழுத்துப் போட்டிருக்கான். முழிச்சுப் பாத்தா ஆஸ்பத்திரி."

"எப்ப நடந்துச்சு இது?"

"ஹுமைரா நடக்க ஆரம்பிச்சுட்டான்னு நீ கேசட் அனுப்பினியே, அப்ப."

அதுக்கு அவர் பதில் கேசட் அனுப்பியிருந்தார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் நல்லா இருக்கேன், இங்க இப்ப வெயில் கம்மி, வஞ்சிரம் மலிவாக் கெடைக்குதுன்னு பேசியிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு மீன் வெலை பேசியிருக்கார் மனுசன். எனக்கு வந்த ஆத்திரத்துல ரெண்டு நாள் அவரோட பேசலை. சோறு மட்டும் வெச்சேன், அதுவும் டக்குனு வெச்சேன்.

அதுக்கப்புறம் புஸ்ஸு பத்தி நான் வாயே தொறக்கலை. ஆனா அவர் ரோட்டைத் தாண்டிப் போய் ரெத்தினத்துக்கிட்ட சொல்லாம இல்லை. "அண்ணே, பள்ளத்தை வெச்சுக்கிட்டு உள்ளயே தொறந்து விடாதீங்க"ன்னு சொல்லியிருக்கார். ரெத்தினம் பீடியை வாயிலேர்ந்து எடுக்காமயே, "ஏன் பாய், புஸ்ஸு விட்டா என் கடைக்குக் கூட்டம் வருதுன்னு வயிறு எரியுதா?"ன்னு கேலி பண்ணியிருக்கார். பட்டறைக்காரங்க எல்லாரும் சிரிச்சிருக்காங்க. இவரும் சிரிச்சுட்டு வந்துட்டார். நானா இருந்தா சிரிச்சிருக்க மாட்டேன்.

கடை ஓடலை. வாடகைக்கே திண்டாட்டம். சார்ஜாவுல பழைய மொதலாளி நல்ல மனுசன், விசா அனுப்பிட்டேன், இந்தத் தேதிக்குள்ள வந்து இறங்கலைன்னா வேற ஆளுக்குப் போயிடும்னு கடுதாசி போட்டார். இவர் அதை என்கிட்ட சொல்லாம ரெண்டு நாள் சட்டைப் பையிலேயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சார். மொகத்தைப் பாத்தே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. "போங்க மச்சான்"னு நானே சொன்னேன். வேற என்ன சொல்றது? சொல்லிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். வெங்காயம் உரிக்கலை, ஒண்ணும் இல்லை, சும்மாவே அழுதேன்.

ஒருத்தர் சபர் கெளம்பறார்னு தெரிஞ்சுட்டா எங்க தெருவுல ஒரு வழக்கம். அங்க புருசனோ புள்ளையோ இருக்கற வீட்டுலேர்ந்தெல்லாம் பொட்டலம் வரும். கேக்கவே மாட்டாங்க, கொண்டாந்து வெச்சுட்டுப் போவாங்க, மறுக்கவும் முடியாது. முறுக்கு, மருந்துப் பொடி, மாசிக் கருவாடு, தைச்ச கைலி, கேசட்டு. ஒவ்வொண்ணு மேலயும் பேர் எழுதி இருக்கும். இவரோட துணிமணி பெட்டியில கால்வாசிதான், மிச்சம் பூரா மத்தவங்க புருசனுங்களுக்கு. எதுத்த வீட்டு சஃபியா ஒரு ஜாடியில நார்த்தங்காய் ஊறுகா கொண்டாந்தா. வாயை மெழுகு வெச்சு அடைச்சு, துணி சுத்தி, அதுக்கு மேல ஒரு துணி சுத்தி. அவ வீட்டுக்காரர் போனவர் போனவர்தான், பல வருசமா ஊர்ப்பக்கமே வரலை. லீவு கெடைக்கலைன்னு அவ சொல்லுவா. நாங்களும் ஆமாம்போம். "லாத்தா, இதை மட்டும் கையிலேயே வெச்சுக்கச் சொல்லுங்க, பெட்டியில போட்டா ஒடைஞ்சுடும்"னு நாலு தடவை சொல்லிட்டுப் போனா. எங்கள்ல அக்காவை லாத்தான்னுதான் கூப்பிடுவோம்.

கெளம்பற அன்னைக்குக் காலையில ஐப்பசி மழை. சும்மா இல்லை, சாரல் கொட்டகைக்குள்ள பாதி தூரம் அடிக்கற மழை. துரைராசுவோட வேன் வந்துச்சு. திருச்சி ஏர்போர்ட்டுக்கு எங்க தெரு ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போறது, ஏத்திக்கிட்டு வர்றது எல்லாம் துரைராசுதான். பக்கத்து கிராமத்துல கொஞ்சம் நிலமும் வெச்சிருந்தார். பெட்டியை வேன் மேல ஏத்தி, தார்ப்பாய் போட்டு, கயித்தால இறுக்கிக் கட்டினார். நானும் ஹுமைராவும் வழியனுப்ப ஏறிக்கிட்டோம். துஆ ஓதிக் கெளம்பினோம். யாரும் யார் மொகத்தையும் பாக்கலை.

போற வழிதானே கடை. "ஒரு நிமிசம் நிறுத்துங்க, மிஷினை நல்லா மூடிட்டு வந்துடறேன், தண்ணி பட்டா வீணாயிடும்"னு இறங்கினார். அந்த இரும்பு மூத்த புள்ளைகிட்ட சொல்லிட்டு வரப் போறார்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டு இருக்கறப்பவே எதுத்த பட்டறையிலேர்ந்து ஒருத்தன் கத்திக்கிட்டு ரோட்டுக்கு ஓடியாந்தான்.

சென்னைக்கு ஓடற ஒரு ஏசி பஸ் அன்னைக்கு ரெத்தினம் பட்டறைக்கு வந்திருந்துச்சு. கத்தினவன் அந்த பஸ்ஸோட டிரைவர். சாரல் அடிக்குதுன்னு ரெத்தினம் ரெண்டு பக்க ஷட்டரையும் எறக்கிட்டார். காருக்கு இருக்கறதை விட பஸ்ஸுக்கு கேஸு பல மடங்கு. அதை அத்தனையும் உள்ளயே புஸ்ஸுன்னு விட்டுட்டு, குழாயைக் கழட்டறதுக்குப் பள்ளத்துல இறங்கியிருக்கார். இறங்கினவர் பேசிக்கிட்டே இருந்திருக்கார். திடீர்னு பேச்சைக் காணோம். டிரைவர் குனிஞ்சு பாத்தா, ஆள் சுருண்டு கெடக்கார்.

பக்கத்துப் பட்டறை ஆளுங்க ஓடினாங்க. ஒருத்தன் இறங்கப் போனான். துரைராசு அவனைப் புடிச்சு நிறுத்தினார். "டேய், அவசரப்பட்டு இறங்காத. கிணத்துல தூர் வாரப் போறப்ப என்ன பண்ணுவோம்? விளக்கை எறக்கிப் பாருங்கடா. எரிஞ்சா இறங்கு, அணைஞ்சா இறங்காத"ன்னார். அது நியாயமான பேச்சுத்தான். எங்க அத்தா வீட்டுக் கிணத்துலயே அப்படித்தான் பண்ணுவாங்க, கயித்துல அரிக்கேன் விளக்கைக் கட்டி எறக்கிப் பாத்துட்டுத்தான் ஆள் இறங்குவான். யாரோ ஒருத்தன் எண்ணெய்த் துணியைக் கம்பியில சுத்தி நெருப்பு வெச்சுட்டான்.

நான் வேன் சன்னல் வழியாப் பாத்துக்கிட்டு இருக்கேன். இவர் ரோட்டைத் தாண்டி ஓடின ஓட்டத்தை அதுக்கு முன்னயும் பாத்ததில்லை, பின்னயும் பாத்ததில்லை. பயணத்துக்குன்னு போட்ட புதுச் சட்டை. அந்தக் கம்பியைத் தட்டிவிட்டு, துணியை மழைத்தண்ணியில போட்டு மிதிச்சார்.

"நெருப்பு கூடாது. இது கிணத்துக் காத்து இல்லை. இந்த கேஸுல நெருப்பு பட்டா விஷமா மாறும், மேல நிக்கற நாமளும் போய்ச் சேருவோம். ஷட்டரைத் தூக்குங்க. ரெண்டு பக்கமும் தூக்குங்க"ன்னார்.

அப்புறம் நடந்ததெல்லாம் கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள. எங்க கடையில காத்தடிக்கற மிஷினை ஓட விட்டு, அந்த நீளக் குழாயை ரோட்டுக்குக் குறுக்க இழுத்துக்கிட்டுப் போய்ப் பள்ளத்துல விட்டார். காத்து சீறிக்கிட்டு உள்ள போச்சு. "கயிறு எங்க?"ன்னு கேட்டார். துரைராசு வேன் மேல ஏறி எங்க பெட்டியைக் கட்டின கயித்தை அவுத்தார். தார்ப்பாய் பறந்துச்சு. பெட்டியும் பொட்டலங்களும் மழையில நனைய ஆரம்பிச்சுது. இவர் கயித்தை இடுப்புல கட்டிக்கிட்டு, காத்துக் குழாயை மூக்குகிட்ட புடிச்சுக்கிட்டுப் பள்ளத்துல இறங்கினார்.

நான் வேனை விட்டு இறங்கி நடுரோட்டுல நின்னேன். ஹுமைரா என் புடவையைப் புடிச்சுக்கிட்டு நின்னா. சார்ஜாவுல ஒரு பள்ளத்துலேர்ந்து எழுந்து வந்த மனுசன், இங்க ஒரு பள்ளத்துல தானா இறங்கறார். யா அல்லாஹ், நான் இவரை ப்ளைட்டுல ஏத்திவிடத்தானே வந்தேன், இதுக்கா வந்தேன்னு எனக்குள்ள ஒரே அலறல்.

முதல்ல ரெத்தினத்தோட தலை தெரிஞ்சுது. கயித்தை அவர் கக்கத்துல மாட்டி விட்டுட்டு இவர் கீழேர்ந்து தூக்க, மேல இருந்தவங்க இழுத்துப் போட்டாங்க. அப்புறம் இவர் வந்தார். இருமி இருமி, கண்ணெல்லாம் செவந்து, மேலெல்லாம் கிரீஸ். ரெத்தினத்தோட உதடு நீலமாக் கெடந்துச்சு. இவர் மண்டி போட்டு அவர் வாயில வாய் வெச்சு ஊதினார். ஊதினார், ஊதினார். நெஞ்சு ஒரு தடவை ஏறி எறங்குச்சு.

துரைராசு வேன்லேயே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. பெட்டியை எறக்கி எங்க கடைக்குள்ள வெச்சாங்க. இவரும் வேன்ல ஏறினார். "நூரு, என்ன கேஸுன்னு டாக்டர்கிட்ட நான்தான் சொல்லணும். சொல்லிட்டு வந்துடறேன்"னார்.

நானும் புள்ளையும் கடையில காத்திருந்தோம். நேரம் இருந்துச்சு. அப்ப வந்து கெளம்பியிருந்தாலும் ப்ளைட்டைப் புடிச்சிருக்கலாம். வேன் திரும்பி வந்துச்சு, துரைராசு மட்டும் இறங்கினார். "அக்கா, பாய் வரமாட்டேங்கறார். ரெத்தினம் கண்ணைத் தொறக்கட்டும், பாத்துட்டு வரேங்கறார். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா வந்துடுவார். வாங்க, நேரமாச்சு"ன்னார்.

நான் போயிருக்கணும். போய், மச்சான் வாங்க, விசா போயிடும்னு சொல்லியிருந்தா வந்திருப்பார், என் பேச்சைத் தட்டமாட்டார். நான் போகலை. பெட்டி மேல உக்காந்துக்கிட்டேன். "அவங்களுக்குத் தெரியும் எப்ப வரணும்னு"ன்னு சொல்லிட்டேன். துரைராசு என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டு, பீடி பத்தவெச்சுக்கிட்டு ஓரமா நின்னார். அங்க ஒரு மனுசன் உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கான். எனக்கு மனசுக்குள்ள அப்படி ஒரு சந்தோசம். சொன்னா சொல்லிட்டுப் போறேன், சந்தோசம்தான்.

ரெத்தினம் மத்தியானத்துக்கு மேல கண்ணைத் தொறந்தார். தொறந்ததும் கேட்டது, "பஸ்ஸுக்காரன் போயிட்டானா?" அவர் சம்சாரம் அழுத அழுகையில அவரை அடிக்கவே போயிட்டாங்களாம். இவர் வீட்டுக்கு வந்து, வாசல்லேயே நின்னுக்கிட்டு, தப்பு பண்ணின புள்ளை மாதிரி, "ப்ளைட் போச்சு நூரு"ன்னார். "போகட்டும், குளிங்க முதல்ல"ன்னேன்.

அதுக்கப்புறம் விசா போச்சு. ஆனா கடை நின்னுச்சு. உடம்பு தேறி வந்த ரெத்தினம், எந்த வண்டி வந்தாலும், "முதல்ல எதுத்தாப்புல பாய்கிட்ட போய் கேஸை இழுத்துட்டு வாங்க, அப்புறம்தான் நான் கை வைப்பேன்"னு சொல்ல ஆரம்பிச்சார். அந்த ரோட்டுல மத்த பட்டறைக்காரங்களும் அதையே புடிச்சுக்கிட்டாங்க. கண்ணு முன்னால ஒரு ஆள் சாகக் கெடந்ததைப் பாத்தாங்கல்ல, எங்க ஊருக்கு அதுதான் வேணும். வெங்கடசுப்ரமணியன் சார்கூட வந்தார், எச்சில் பேச்சையே எடுக்கலை. இவர் முழங்கால் வலின்னு உக்கார்ற வரைக்கும் அந்தக் கொட்டகையிலதான் இருந்தார். ராத்திரியானா வீட்டுக்கு வர்ற புருசன். எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் வேண்டியிருக்கலை. இப்ப நான் இதைச் சொல்லிக்கிட்டு இருக்கறப்பவும் உள்ள கட்டில்ல குறட்டை விட்டுக்கிட்டுத்தான் இருக்கார்.

ஆனா ப்ளைட்டு போனதுக்கு மறுநாள் காலையில நடந்தது ஒண்ணு இருக்கு.

பொட்டலங்களையெல்லாம் திருப்பிக் குடுக்கணுமே. நனைஞ்சதைத் தொடைச்சு, பேர் பாத்து, கூடையில அடுக்கி, ஒவ்வொரு வீடா ஏறி எறங்கினேன். "அவங்க போகலைம்மா. அடுத்து யாராவது போறப்ப குடுத்துவிடுங்க." முந்தின நாள் நடந்தது ஊருக்கே தெரியும். எல்லாரும் நல்லதாத்தான் பேசினாங்க. உங்க மச்சானுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுசைக் குடுக்கட்டும்னாங்க. பேசிக்கிட்டே கை பொட்டலத்தை வாங்கும். வாங்கினதும் அந்தக் கை ஒரு நிமிசம் அப்படியே நிக்கும். அந்த முறுக்கைத் தொட வேண்டிய ஆள் வேற எங்கயோ இருக்கார்.

கடைசியா சஃபியா வீடு. ஜாடி ஒடையலை, அப்படியே இருந்துச்சு. அவ வாசலுக்கு வந்து, ஜாடியைப் பாத்தா, என்னைப் பாத்தா. எங்க வீட்டு உள்ளேர்ந்து ஹுமைரா அத்தா அத்தான்னு கூப்பிடற சத்தம் எதுத்த வாசல் வரைக்கும் கேட்டுச்சு. முந்தின நாள் வரைக்கும் அந்தப் புள்ளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

சஃபியா ஜாடியை வாங்கலை. "நீங்களே வெச்சுக்குங்க லாத்தா. அவங்களுக்குன்னு போட்டது. இதை நான் வீட்டுல வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. கதவையும் மெதுவாத்தான் சாத்தினா.

அன்னைக்கு மத்தியானம் மழை விட்டிருந்துச்சு. நாங்க மூணு பேரும் தரையில வட்டமா உக்காந்து சோறு சாப்பிட்டோம். நான் அந்த ஜாடியைத் தொறந்து அவர் தட்டுல ஒரு துண்டு வெச்சேன். புள்ளைக்கு ஒண்ணு வெச்சேன். எனக்கும் வெச்சுக்கிட்டேன். அவ கைப்பக்குவம் எப்பவுமே நல்லா இருக்கும். ருசியா இருந்துச்சு. நான் இன்னொரு துண்டு போட்டுக்கிட்டேன்.